பழைய கன்ரருக்குச் சைலன்சர் மாற்றம்: மூன்று அங்குலக் குழாய் போடலாமா, பழைய அளவே போதுமா?

நெடுங்கேணி_கன்ரர்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 4டி33 டீசல் இயந்திரம் பூட்டிய பழைய கன்ரர் லொறி, டர்போ (புகையின் தள்ளலில் சுற்றி இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றை அடிக்கிற சுழலி) கிடையாது. நெல், வைக்கோல், இடைக்கிடை சீமெந்து ஏற்றுகிறேன். வருசத்தில் சில தரம் நுவரெலியாவுக்கு மரக்கறிக்கும் போகும்.

சைலன்சரின் அடிப்பக்கம் உக்கி ஓட்டை விழுந்துவிட்டது. முன்குழாயில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இயந்திரப் பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடு ஏறியதும் அடங்கிவிடும். இது போக, பாரத்தோடு இழுவை முன்னைப்போல் இல்லை, கறுப்புப் புகையும் தள்ளுகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். இயந்திரத் தலையில் புகையைச் சேர்க்கிற மனிபோல்டிலிருந்து வால் வரைக்கும் மூன்று அங்குலக் குழாய் இழுத்து, உள்ளே தடுப்பில்லாத நேர்குழாய்ச் சைலன்சர் போடு, இழுவையும் கூடும் டீசலும் மிச்சம் என்கிறார்கள். கேட்ட காசு கொஞ்சநஞ்சம் இல்லை. வண்டியை மாற்றும் யோசனையும் இல்லை. 2020இல் இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025இல் திறந்துவிட்ட பிறகும் என் கைக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கவில்லை. காலபோக அறுவடை தொடங்க முன்னம் வேலையை முடிக்க வேண்டும். என்ன மாதிரிச் செய்யலாம்?

ரொறன்ரோ_வன்னியான்

முழுவதும் ஸ்டெயின்லெஸ் போடுங்கோ தம்பி. 304 ரகம். ஒருக்காப் போட்டால் பேரன் காலம் வரைக்கும் கிடக்கும். இங்கே பனிக்கு உப்புப் போட்ட தெருவில் என் பிக்கப் ஓடுகிறது, குழாயில் ஒரு துளி கறள் இல்லை. மூன்று அங்குலம்தான் சரி. காற்று வெளியே லேசாகப் போனால் இயந்திரத்துக்குச் சுகம்.

மாங்குளம்_பட்டறை

தம்பி, நீங்கள் சொன்னது மூன்று வெவ்வேறு வருத்தம். கராஜ்காரர் மூன்றுக்கும் ஒரே குளிசையைத் தருகிறார். பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, குளிரில் டிக் டிக், சூட்டில் அடங்குகிறது. அது மனிபோல்ட் கஸ்கற் (மனிபோல்டுக்கும் தலைக்கும் நடுவே வைக்கிற அடைப்புத் தகடு) ஊதுகிற சத்தம். வார்ப்பிரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபடும், சத்தமும் போய்விடும். வால்வுகளைத் தட்டுகிற ரப்பெற்றின் சத்தம் என்றால் சூடான பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும். விடியக் காலமை இயந்திரம் ஆறியிருக்கும்போது ஒரு டோர்ச் லைட்டோடு போய் மனிபோல்ட் தலையோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். கரி கோடு கோடாக விசிறியிருக்கும். அங்கேதான் ஊதுகிறது. மனிபோல்டைத் தலையோடு பிடிக்கிற ஸ்டட் ஒன்று முறிந்திருக்கவும் கூடும். பழைய கன்ரரில் கடைசி ஸ்டட் முறிந்து கிடப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, சைலன்சர் உக்கல். அது வயசு. மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, இழுவையும் புகையும். இதற்குச் சைலன்சரைக் குற்றம் சொல்ல முன்னம் எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். நெடுங்கேணி உள்வீதிக் கிரவல் புழுதியில் ஓடுகிற வண்டி அது. பிறகு டீசல் அடிக்கிற இன்ஜெக்டர், பம்ப். கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு. குழாயை மட்டும் பெருப்பித்தால் அதே புகை பெரிய ஓட்டையால் வரும். வேறொன்றும் நடக்காது.

பூநகரி_ரிப்பர்

அண்ணை சொன்னது சரி. ஆனால் முழு அடைப்பும் இருக்கலாம். எனக்கு ஒரு முறை சைலன்சருக்குள் தடுப்புத் தகடு கழன்று வாயை அடைத்துவிட்டது. மணல் ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரை விட்டு ஏறவே மாட்டேன் என்றது. ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் அதுதான்.

அறிவியல்நகர்_மாணவன்

வணக்கம் ஐயாமாரே. கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். மூன்று அங்குலமா இரண்டரையா என்பதைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம், கஷ்டம் இல்லை.

4டி33 என்பது 4214 சிசி. நான்கு அடிப்பு (ஸ்ட்ரோக்) இயந்திரம் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் முழுக் கொள்ளளவை இழுக்கும். நிமிடத்துக்கு 3200 சுற்றில் ஓடினால் ஏறக்குறைய 6700 லீற்றர் காற்றை இழுக்க வேண்டும். சிலிண்டர் முழுக்க நிரம்பாது, 85 வீதம் என்று பிடித்தால் 5700 லீற்றர். இது உள்ளே போகிற குளிர்காற்று. வெளியே வருவது சூடு. குழாயில் சராசரி 400 பாகை என்று வைத்தால் கனவளவு இரண்டே கால் மடங்கு ஆகும். அதாவது நிமிடத்துக்கு 12,700 லீற்றர் அளவில்.

இதைக் குழாயின் உள்பரப்பால் பிரித்தால் வேகம் வரும். 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய் என்று எடுத்தேன்.

2 அங்குலம்: செக்கனுக்கு 119 மீற்றர்.
2½ அங்குலம்: 74 மீற்றர்.
3 அங்குலம்: 51 மீற்றர்.

அமுக்க இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே 2 அங்குலத்திலிருந்து இரண்டரைக்குப் போனால் நல்ல வித்தியாசம் தெரியும். இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனாலும் இழப்புப் பாதியாகும்தான். ஆனால் பாதியாவது எது என்று பார்க்க வேண்டும். பின்னமுக்கம் (வெளியேறும் புகை இயந்திரத்தைத் திருப்பித் தள்ளுகிற அமுக்கம்) 8 கிலோபஸ்காலிலிருந்து 4 ஆகக் குறைந்தது என்று வையுங்கள். இந்த இயந்திரம் முழுப் பாரத்தில் பிஸ்டனில் தருகிற சராசரிப் பயன் அமுக்கம் 780 கிலோபஸ்கால் வரும். 4ஐ 780ஆல் பிரித்தால் அரை வீதம். 120 குதிரைவலுவில் ஒன்றுகூட இல்லை. அதுவும் முழு அக்சிலேற்றரில், 3200 சுற்றில். பாரத்தோடு மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறபோது அதைவிடக் குறைவு.

ரொறன்ரோ_வன்னியான்

அப்ப இங்கே எல்லோரும் பெரிய குழாய் போட்டு இழுவை கூடியது என்று வீடியோ போடுகிறார்களே, பொய்யா?

அறிவியல்நகர்_மாணவன்

பொய் இல்லை அண்ணை. அந்த வண்டிகள் அனேகமாக டர்போ. டர்போவுக்குப் பின்னால் இருக்கிற அமுக்கம் குறையக் குறைய டர்பைனுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வித்தியாசம் கூடும், அது லேசாகச் சுற்றும், காற்றுக் கூடுதலாக உள்ளே வரும். அங்கே பெரிய குழாய்க்கு அர்த்தம் இருக்கிறது. பெற்றோல் என்றாலும் கதை வேறு. இவருடைய வண்டி டர்போ இல்லாத டீசல்.

மாங்குளம்_பட்டறை

நல்ல பிள்ளை. கணக்கு எனக்கு விளங்காது, ஆனால் பட்டறையில் நான் கண்டதும் இதுதான். மூன்று அங்குலம் போட்ட டர்போ இல்லாத வண்டியில் சத்தம்தான் கூடும். ட்ரைவருக்குச் சத்தம் கூடினால் இழுவை கூடியது போல இருக்கும். காது செய்கிற வேலை.

இன்னொன்று, குழாய் அளவை மனிபோல்ட் வாயைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வாய் சின்னன், குழாய் பெருசு என்றால் சேருகிற இடத்தில் படி விழும். அங்கே கரி பிடிக்கும்.

முல்லை_மீன்வண்டி

ஸ்டெயின்லெஸ் பற்றி ஒரு சொல். அண்ணை சொன்னதை முழுக்கத் தள்ளிவிடாதேங்கோ. நான் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் எடுக்கிறேன். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணி பெட்டியிலிருந்து ஒழுகி நேரே சைலன்சரில் விழும். மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணி பாயும்போது அதையும் தாண்ட வேண்டும். சாதாரண இரும்புச் சைலன்சர் எனக்கு நிலைக்கவே இல்லை. ஆனையிறவுப் பக்கம் உப்பு ஏற்றுகிற ஆட்களும் இதையேதான் சொல்வார்கள். எங்களுக்கு ஸ்டெயின்லெஸ் என்பது ஆடம்பரம் இல்லை.

நெடுங்கேணியில் நெல் ஏற்றுகிறவருக்கு அது தேவையா என்றால், என் அறிவுக்குத் தேவையில்லை.

மாங்குளம்_பட்டறை

ஓம். உப்பு இல்லாத இடத்தில் குழாயைத் தின்பது உள்ளே இருக்கிற தண்ணி. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணி ஆவியாக வெளியே போகிறது. டீசலில் கந்தகமும் இருக்கிறது. சைலன்சர் நன்றாகச் சூடாகினால் எல்லாம் ஆவியாகவே போய்விடும். வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு என்று குட்டி ஓட்டம் ஓடினால் ஆவி உள்ளேயே தண்ணியாகி, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகித் தேங்கும். அதனால்தான் சைலன்சர் எப்போதும் அடியால் உக்கும். தம்பியினுடையதும் அடியால்தான் போயிருக்கிறது. புதுச் சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுவிடுங்கள். தண்ணி வடியும். அந்தத் துளையால் வருகிற சத்தம் காதில் விழாது.

அதோடு, ஸ்டெயின்லெஸ் வாங்கினால் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் 409 மாதிரி ஒன்று. அது கெட்டது இல்லை, பக்டரி வண்டிகளிலேயே வரும். ஆனால் 304 விலைக்கு அதை வாங்காதேங்கோ.

அறிவியல்நகர்_மாணவன்

304 போடுகிறவர்கள் விரிவையும் கவனிக்க வேண்டும். சாதாரண இரும்பை விட அது ஒன்றரை மடங்குக்குக் கிட்ட விரியும். 2 மீற்றர் நீளக் குழாய் 300 பாகை சூடேறினால் இரும்பு 7 மில்லிமீற்றர் நீளும், 304 என்றால் 10. இரண்டு பக்கமும் இறுக்கி ஒட்டிவிட்டால் அந்தத் தள்ளு முழுவதும் மனிபோல்டில் போய் முடியும். மனிபோல்ட் வெடிக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று. நடுவில் வளைந்து கொடுக்கிற பிளெக்சிபிள் துண்டு ஒன்று, தொங்கலுக்கு ரப்பர், இரண்டும் கட்டாயம்.

நெடுங்கேணி_கன்ரர்

எல்லோருக்கும் நன்றி. விடிய டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாலாவது சிலிண்டர் பக்கம் கரி விசிறியிருக்கிறது, கடைசி ஸ்டட்டில் நட்டே இல்லை. ஐயா சொன்னது அப்படியே. எயார் பில்டரும் களிமண் கட்டி மாதிரித்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். புகை கொஞ்சம் குறைவு, இழுவை அப்படியேதான்.

குழாய்க்கு எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் (வெல்டிங் கடை) ஜீஐ தண்ணிக்குழாய் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். மலிவு. போடலாமா?

மாங்குளம்_பட்டறை

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

தண்ணிக்குழாய்க்கு மேலே இருப்பது நாகப்பூச்சு. 200 பாகைக்கு மேல் தொடர்ந்து சூடேறினால் அது உரியும். முன்குழாய் அதைவிட எவ்வளவோ சூடு. ஆக, நீங்கள் காசு கொடுத்த பூச்சு கொஞ்ச நாளில் இருக்காது. அதைவிட மோசம், அதை ஒட்டுகிற பொடியன். நாகம் எரிந்து வருகிற வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் பின்னேரம் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், வாயில் இனிப்புக் கலந்த உலோக ருசி இருக்கும். ஒட்டுக்கடைகளில் பால் குடித்தால் சரி என்பார்கள். பால் ஒன்றும் செய்யாது. காற்றோட்டமும் முகமூடியும்தான். அப்படித் தப்ப முடியாமல் ஒட்டுவதென்றால், ஒட்டுகிற இடத்துப் பூச்சை முதலில் அரைத்து எடுத்துவிட வேண்டும்.

கறுத்த இரும்புக் குழாய் எடுங்கள். அலுமினியம் பூசின எக்ஸோஸ்ட் குழாய் கொழும்பில் கிடைக்கும், கிடைத்தால் அதுதான் காசுக்கு ஏற்ற சாமான். அங்கே பழைய வண்டிச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கன்ரருக்குப் பழைய ஜப்பான் சைலன்சரும் எடுக்கலாம். உள்ளே தடுப்புகள் நல்லாக இருக்கிறதா, கிலுக்கிப் பார்த்து எடுங்கள். ஜப்பான்காரன் அந்த இயந்திரத்துக்கென்று கணக்குப் பார்த்துச் செய்த பெட்டி அது. வீதியோரத்தில் மடிக்கிற நேர்குழாய்ப் பெட்டியை விட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

பூநகரி_ரிப்பர்

வளைவுக்கு என்ன செய்வது? இங்கே குழாய் வளைக்கிற மெசின் இல்லை. வெட்டி வெட்டி ஒட்டித்தான் தருகிறார்கள், பார்க்க முதலை முதுகு மாதிரி.

மாங்குளம்_பட்டறை

தடிச்சுவர் எல்போ வாங்கி ஒட்டலாம், பாரம் கூடினாலும் வழி சுத்தம். இல்லையென்றால் பழைய முறை, மணல். குழாயின் ஒரு வாயைக் கட்டையால் அடைத்து, மணலைப் போட்டுத் தட்டித் தட்டி இறுக்கி, மற்ற வாயையும் அடைத்து, வளைக்கிற இடத்தைச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை சூடாக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். உள்ளே மணல் நிற்பதால் குழாய் நசியாது. 90களில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடின வண்டிகளுக்கெல்லாம் இப்படித்தான் வளைத்தோம். சைலன்சரைப் பீப்பாத் தகரத்தில் மடித்தோம். புகை கண்ணை எரிக்கும். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஒன்று மட்டும் முக்கியம். மணல் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். தாச்சியில் வறுத்துத்தான் போட வேண்டும். ஈரமணலை அடைத்துச் சூடாக்கினால் நீராவி கட்டையைத் துவக்குச் சன்னம் போலத் தள்ளும். பழக்கம் இல்லாத ஆட்கள் செய்யாதேங்கோ.

பரந்தன்_நெல்லாலை

அண்ணைமார் குழாய்க்கு உள்ளே போவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் வெளியே வருகிற இடத்தைப் பற்றிக் கேட்கிறேன். அறுவடைக் காலத்தில் எங்கள் ஆலைக்கு வருகிற லொறிகளில் பாதிக்கு மேல் சைலன்சருக்கு மேலே வைக்கோல் சிக்கிக் கிடக்கும். வயலுக்குள் இறங்கி ஏற்றும்போது இழுபடுகிறது. ஓடும்போது காற்றுப் படுவதால் ஒன்றும் தெரியாது. வந்து தராசில் நிற்கும்போதுதான் புகையும். ஆலை முற்றத்தில் உமி மலை மாதிரிக் கிடக்கிறது. எனக்கு நித்திரை வருமா?

நெடுங்கேணித் தம்பி வைக்கோலும் ஏற்றுகிறேன் என்கிறார். குழாயை எந்தப் பக்கம், எந்த உயரத்தில் விடப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள்.

முல்லை_மீன்வண்டி

அக்கா கேட்டது நியாயம். இதுவரை ஒருத்தரும் அதைத் தொடவில்லை.

மாங்குளம்_பட்டறை

பிள்ளை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சரி, வைக்கோல் வண்டிக்கு இப்படிச் செய்யலாம்.

சைலன்சருக்கும் பெட்டித் தட்டுக்கும் நடுவே தகடு ஒன்று, தகட்டுக்கும் சைலன்சருக்கும் இடையில் ஒரு விரல் அளவு காற்று இடைவெளி. தகட்டைச் சைலன்சரில் ஒட்டாதேங்கோ, சேசியில் பூட்டுங்கள். தகட்டுக்கு முன்பக்கம் மடிப்பு ஒன்று விட்டால் வைக்கோல் மேலே ஏறாது. குழாயின் வாயைத் தரையைப் பார்த்து விடக்கூடாது. காய்ந்த புல்லில் நிறுத்தினால் நேரே அதில்தான் ஊதும். எங்கள் தெருவில் சைக்கிளும் நடையும் இடப்பக்கம், ஆகவே வாய் பின்னுக்கு, வலது பக்கம் சாய்ந்து. சில பேர் கபினுக்குப் பின்னால் மேலே தூக்கி விடுகிறார்கள். சீமெந்து வண்டிக்கு அது சரி. மேலே வைக்கோல் கட்டி ஏற்றுகிற வண்டிக்கு அதைவிடப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

பொறி பறக்கிற பிரச்சினையும் இருக்கிறது. நேர்குழாய்ச் சைலன்சரில் கரித்துண்டு சிவக்கச் சிவக்க நேரே வெளியே வரும். தடுப்புள்ள பெட்டியில் அது மோதி மோதி ஆறிவிடும். வைக்கோல் ஏற்றுகிறவர் நேர்குழாய் போடாமல் இருக்க இந்த ஒரு காரணமே போதும்.

பரந்தன்_நெல்லாலை

நன்றி அண்ணை. இதை அச்சடித்து ஆலை வாசலில் ஒட்டப் போகிறேன்.

இரணைமடு_எல்ஃப்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டர்போ உள்ள பிந்திய எல்ஃப் லொறி, டீபிஎப் (புகையில் கரித்துகளைப் பிடிக்கிற வடிகட்டி) இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு நேராகக் குழாய் போடலாமா?

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள். இங்கே டர்போ இல்லாத பழைய வண்டிகள் மட்டும்.

நெடுங்கேணி_கன்ரர்

புகைப் பரிசோதனைக்கு இந்த மாதம் போக வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் முடிகிறது. குழாய் ஓட்டையோடு போனால் என்ன செய்வார்கள்?

பூநகரி_ரிப்பர்

திருப்பி அனுப்புவார்கள். ஓட்டையால் காற்றுக் கலந்தால் அளவு பிழையாக வரும், அதனால் முதலில் குழாயைத்தான் பார்ப்பார்கள். டீசலுக்கு நிறுத்தி வைத்து, அக்சிலேற்றரை அடிவரை மிதித்து விட்டு, புகையின் அடர்த்தியைக் கருவி அளக்கும். போக முன்னம் வண்டியை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். குளிர் இயந்திரத்தோடு போய் நின்றால் கரி எல்லாம் அங்கேதான் வரும்.

மாங்குளம்_பட்டறை

தம்பி, இழுவை அப்படியே இருக்கிறது என்றீர்கள். நுவரெலியாவுக்கும் போகிற வண்டி என்றால், இறக்கத்தில் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸோஸ்ட் பிரேக் இருக்குமே? முன்குழாயில் ஒரு வண்ணத்துப்பூச்சி வால்வு, வக்கியூமில் வேலை செய்யும். அதன் கை முழுக்கத் திரும்பி வருகிறதா பாருங்கள்.

நெடுங்கேணி_கன்ரர்

இருக்கிறது ஐயா. இந்த வருசம் மலைப்பக்கம் போகவில்லை, அதனால் பாவிக்கவே இல்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

ரொறன்ரோ_வன்னியான்

வன்னியில் மேடேது பள்ளமேது? அதைக் கழற்றி எறிந்தால் என்ன?

மாங்குளம்_பட்டறை

ஏ9 வீதியில் ஓட அது தேவையில்லைதான். மரக்கறி ஏற்றிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து றம்பொடையால் இறங்குகிறவன் கால் பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் பிரேக் சூடாகி மிதி கீழே போகும். கழற்றச் சொல்கிறவர் அந்த வண்டியில் ஒருக்கா ஏறி வரட்டும்.

ரொறன்ரோ_வன்னியான்

கோபிக்காதேங்கோ அண்ணை, கேட்டதுதானே.

நெடுங்கேணி_கன்ரர்

ஐயா, பிடித்துவிட்டீர்கள். வால்வு பாதியில் நிற்கிறது. வக்கியூம் குழாயைக் கழற்றினாலும் கை திரும்பவில்லை. தட்டைச் சுற்றிக் கரி இறுகிக் கல் மாதிரி. இதுதான் இழுவையைத் தின்றதா?

மாங்குளம்_பட்டறை

பின்னே? தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு ஓடியிருக்கிறது. எரிந்த காற்று முழுவதும் போகாமல் உள்ளேயே தங்கினால் புதுக்காற்றுக்கு இடம் இல்லை. காற்றுக் குறைந்தால் கறுப்புப் புகை. இயந்திரமும் வழமையை விடச் சூடாகியிருக்கும். மாணவத் தம்பி, உங்கள் கணக்கில் இதையும் போட்டுப் பாருங்கள்.

அறிவியல்நகர்_மாணவன்

பாதி மூடினால் அந்த இடத்தில் பரப்பு வெகுவாகக் குறையும், அமுக்க இழப்பு சில மடங்கு இல்லை, பல மடங்கு ஏறும். 4 கிலோபஸ்கால் கதை இல்லை இது. டீசல் இயந்திரங்களுக்குப் பின்னமுக்கம் பொதுவாக 10 கிலோபஸ்கால் அளவைத் தாண்டக்கூடாது. அது ஒரு மீற்றர் தண்ணி உயரத்துக்குச் சமன். சந்தேகம் உள்ளவர்கள் முன்குழாயில் ஒரு நட்டை ஒட்டி, செம்புக் குழாய் ஒன்றை அதில் பூட்டி, குறைந்த அமுக்கம் காட்டும் கேஜ் போட்டு அளக்கலாம். அளந்துவிட்டு அதில் போல்ட் போட்டு மூடிவிடலாம். காசு செலவழிக்க முன்னம் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று இது சொல்லிவிடும்.

மாங்குளம்_பட்டறை

வால்வைக் கழற்றி டீசலில் ஊறப் போடுங்கள். கம்பித் தூரிகை. அச்சில் ஆட்டம் இருந்தால் லேத்தில் புஷ் போடலாம். பூட்டின பிறகு கபின் சுவிட்சை அமத்தி ஒரு ஆளை வைத்துப் பாருங்கள், கை முழுக்கப் போய் முழுக்க வர வேண்டும். மலைப்பக்கம் போனாலும் போகாவிட்டாலும் கிழமைக்கு ஒருக்கா பாவியுங்கள், இல்லையென்றால் திரும்ப ஒட்டும்.

மனிபோல்டைக் கழற்றும்போது நட்டு வராவிட்டால் பலத்தைக் காட்டாதேங்கோ. காஸ் பிடித்து நட்டைச் சிவக்க வைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, முதலில் துளி இறுக்கி, பிறகு கழற்றுங்கள். காஸ் பிடிக்க முன்னம் டீசல் குழாய்கள் எங்கே போகிறது என்று பாருங்கள். முறிந்த ஸ்டட் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றால் அதற்கு மேல் நட்டை வைத்து உள்ளே ஒட்டி, அந்தச் சூட்டோடேயே திருகினால் வந்துவிடும். மனிபோல்ட் முகத்தில் நேர்கோல் வைத்து வளைவு பாருங்கள். வளைந்திருந்தால் லேத்தில் முகம் வெட்டாமல் புதுக் கஸ்கற் போட்டுப் பயனில்லை. பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

வண்டியில் ஆர்க் ஒட்டு என்றால் பட்டறிக் கம்பியைக் கழற்றுங்கள். எர்த்தை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். ஒட்டுக்காரன் அவசரத்தில் தூரத்தில் பிடித்தால் அல்டனேற்றர் டயோட்டோ பெயாரிங்கோ போகும்.

பரந்தன்_நெல்லாலை

இன்னொன்று. கன்ரரில் கபினுக்குக் கீழே இயந்திரம். ட்ரைவர்மார் ஆலை வாசலில் முறை வரும்வரை ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இயந்திரம் ஓட ஓட நித்திரை கொள்கிறார்கள். மனிபோல்ட் ஊதுகிற வண்டியில் அது கூடாது. புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. நான் கண்டால் கண்ணாடியைத் தட்டி எழுப்புவேன், கோபிக்க வேண்டாம்.

நெடுங்கேணி_கன்ரர்

வேலை முடிந்தது. செய்தது இவ்வளவுதான்: மனிபோல்ட் முகம் வெட்டி, ஸ்டட் எல்லாம் புதுசு, புதுக் கஸ்கற். எக்ஸோஸ்ட் பிரேக் வால்வு கழுவிப் பூட்டினேன். முன்குழாயும் வால்குழாயும் இரண்டரை அங்குலக் கறுத்த குழாய், மனிபோல்ட் வாயும் அந்த அளவுதான். நடுவில் பிளெக்சிபிள். பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட பழைய ஜப்பான் சைலன்சர், அடியில் துளை போட்டாயிற்று. வைக்கோலுக்கு ஐயா சொன்ன தகடும் போட்டிருக்கிறேன், வாய் பின்னுக்கு வலப்பக்கம்.

மூன்று அங்குலத்துக்குக் கேட்ட காசில் அரைவாசிகூட முடியவில்லை. ஒட்டுசுட்டான் வரைக்கும் நெல்லோடு போய் வந்தேன். முன்பு இரண்டாம் கியரில் ஏறின குளக்கட்டு ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறுகிறது. புகைப் பரிசோதனையும் பாஸ்.

ரொறன்ரோ_வன்னியான்

நல்ல சந்தோசம் தம்பி. ஆனாலும் வால்குழாயையாவது ஸ்டெயின்லெஸ் போட்டிருக்கலாம்.

முல்லை_மீன்வண்டி

விடமாட்டார் :)

அண்ணை, எனக்கு ஸ்டெயின்லெஸ் குழாயைப் பழைய இரும்பு பிளாஞ்சில் (குழாய் முனையைப் பூட்டுகிற தகடு) ஒட்ட வேண்டும். எந்த வெல்டிங் குச்சி?

மாங்குளம்_பட்டறை

309. சாதாரண இரும்புக் குச்சியால் ஒட்டினால் ஒட்டு வெடிக்கும். ஒட்டினாலும் அந்த இரும்புப் பக்கம் உங்கள் உப்புத்தண்ணிக்கு முதலில் போகும், பிளாஞ்சையும் ஸ்டெயின்லெஸ்ஸில் வெட்டுவிப்பது நல்லது.

நெடுங்கேணித் தம்பி, சூடாகி ஆறின பிறகு மனிபோல்ட் நட்டுகளைத் திரும்ப இறுக்கினீர்களா?

நெடுங்கேணி_கன்ரர்

இல்லை ஐயா, வண்டி இப்போதுதான் வந்து நிற்கிறது. காலமை ஆறியதும் இறுக்குகிறேன்.

பூநகரி_ரிப்பர்

பழைய சைலன்சரின் முன் பிளாஞ்ச் நல்லாக இருந்தால் இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதேங்கோ, எனக்கு வேணும். சனிக்கிழமை மாங்குளம் வருகிறேன், சந்தியில் எடுக்கலாமா?

நெடுங்கேணி_கன்ரர்

பிளாஞ்ச் நல்லாக இருக்கிறது, வெட்டி வைக்கிறேன். ஐயாவின் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன், அங்கே எடுங்கோ.